சினிமாவில் அண்ணியின் முதுகு

என் அண்ணியின் முதுகு சினிமாவில் நடித்திருக்கிறது. எங்கள் ஊர் வீராம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லாதவர்களோடு நான் பேசுவதில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபது வயது, அண்ணிக்கு நான் இன்னும் பாப்பா. அவள் தினமும் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு புதுச்சேரி டவுனுக்குப் போவாள். பெரிய மார்க்கெட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்பது அவளுக்கு ஆகாது. கடற்கரையை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் காலத்து மஞ்சள் சுவர் வீடுகள் இருக்கும் தெருக்களில் கூவி விற்பாள். அந்தப் பக்கத்து வீட்டம்மாக்கள் எல்லாரும் அவளுக்கு மதாம்தான்.

ஒருநாள் அங்கே சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். படத்தில் கதாநாயகி மீன்காரியாம். ஆனால் கூடையைத் தலையில் வைத்தால் அவருக்குக் கழுத்து ஆடியது, மீன் வாடைக்குக் குமட்டியது. வேடிக்கை பார்த்து நின்ற அண்ணியைக் கூப்பிட்டு, கதாநாயகியின் சேலை போலவே ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். மீனுக்குப் பதில் வைக்கோல் திணித்த கூடையைத் தலையில் ஏற்றி, தெருக்கோடி வரை நடக்கச் சொன்னார்கள். திரும்பக் கூடாது, அவ்வளவுதான். முன்பக்கத்தைக் கதாநாயகியை வைத்துத் தனியாக எடுத்துக்கொள்வார்களாம்.

அண்ணி நடந்தாள். பாதித் தெருவில் ஒரு மாடி ஜன்னல் திறந்தது. அண்ணியிடம் வாடிக்கையாக வாங்கும் ஒரு மதாம், கீழே படம் எடுக்கிறார்கள் என்று தெரியாமல், வஞ்சிரம் இருக்கிறதா என்று கேட்டார். அண்ணி கூடையோடு அப்படியே திரும்பி நிமிர்ந்து பார்த்து, "இருக்குது மதாம், எறக்கட்டுமா?" என்றாள். கூடையில் இருந்தது வைக்கோல். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். மறுபடி எடுத்தார்கள். இந்த முறை அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக நடந்து முடித்தாள்.

வீட்டில் வந்து சொன்னபோது என் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முதுகுக்கு ஒரு படமா என்று கேட்டான். அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். அவளை எடுத்த போட்டோ உலகத்திலேயே ஒன்றுதான், கல்யாணப் போட்டோ. அதிலும் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டதில் வகிடும் பூவும்தான் விழுந்திருந்தன. இப்போது சினிமாவிலும் முதுகு.

அடுத்த வருடம் ஆகஸ்ட் பதினைந்து, வெள்ளிக்கிழமை, படம் டவுனுக்கு வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் என்று பதினாறாம் தேதியும் எங்களுக்கு மட்டும் விடுமுறை. கடலூர்க்காரர்கள் வயிறு எரிய இன்னொரு நாள் ஆட்டம் போடுவோம். அந்த வருடம் அதற்கு அடுத்த நாள் ஞாயிறு வேறு. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் கோயில் தேர். தேரை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனால் என் அம்மா திரும்ப வீட்டில் சேர்க்கமாட்டாள். அதனால் முதல் நாள் நாங்கள் பார்க்கவில்லை.

சாயங்காலம் ராட்டினத்துக்குப் பக்கத்தில் நானும் அண்ணியும் வளையல் பார்த்துக்கொண்டிருந்தோம். மார்க்கெட்டில் பூ விற்கும் பெண் ஒருத்தி, பகல் காட்சி பார்த்துவிட்டு நேரே தேருக்கு வந்தவள், ஓடிவந்து அண்ணியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"படத்துல உம் மூஞ்சி தெரியுதுடி," என்றாள்.

தப்பாக எடுத்த துண்டைத்தான் படத்தில் ஒட்டியிருந்தார்கள். கதாநாயகியாக நடந்து போகிறவள் ஒரு நொடி திரும்பினால், அங்கே என் அண்ணி. எந்தப் புண்ணியவான் தூக்கக் கலக்கத்தில் ஒட்டினானோ, அவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. வளையலுக்குக் காசு கொடுத்தோமா என்றுகூட எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை மேட்னிக்கு எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் பூவும் பொட்டுமாகக் கிளம்பினோம். பஸ்ஸில் எல்லாருக்கும் அண்ணிதான் கதாநாயகி. பெஞ்சு டிக்கெட்டில் வரிசையாக உட்கார்ந்து, மஞ்சள் சுவர் தெரிந்த உடனே கத்தத் தொடங்கினோம். கூடை நடந்தது, திரும்பியது, கொட்டகையே அதிர்ந்தது. அண்ணி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எடுத்துவிட்டுப் பார்த்தபோது திரையில் கதாநாயகி சிரித்துக்கொண்டிருந்தார். வந்ததா என்று என்னைக் கேட்டாள். வந்துவிட்டுப் போய்விட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். முதுகுக்கு ஒரு படமா என்று கேட்ட அண்ணன், பெஞ்சின் மேல் ஏறி நின்று விசிலடித்தான். டார்ச் அடிக்கிற ஆள் வந்து கீழே இறக்கிவிட வேண்டியதாயிற்று. அண்ணி இந்த முறை முந்தானையைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தானாக மூடிக்கொள்கிறது என்றாள். திங்கட்கிழமையும் மூடிக்கொண்டது. நான் டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு அலைகிறேன், இவள் கண்ணை மூடுகிறாள். வந்த கோபத்தில் பஸ்ஸில் வீடு வரும் வரை அவளோடு பேசவில்லை.

ஊரே பார்த்த முகத்தை அவள் மட்டும் பார்க்கவில்லை. இதற்குள் படம் படுத்துவிட்டது. கதைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அண்ணி வரும் இடத்தைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை முதல் வேறு படம் என்று போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். புதன்கிழமை அண்ணியிடம், நாளையோடு எடுத்துவிடுவார்கள், போகலாம் என்றேன். வரவில்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, என்னைப் பார்க்காமல் கூடையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"பயமா இருக்குது பாப்பா. நல்லா இல்லாம இருந்துட்டா?"

நீ அழகாக இருக்கிறாய் என்று எங்கள் வீட்டில் யாராவது ஒருநாளாவது அவளிடம் சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தேன். கூடை காலியாக வந்தால் சந்தோஷப்படுவோம், அவ்வளவுதான். திங்கட்கிழமைக் கோபம் முழுக்க என்மேல் திரும்பியது.

வியாழக்கிழமை அவளை எதுவும் கேட்கவில்லை. மதியம் டவுனுக்குப் போய், விற்றுக்கொண்டிருந்த தெருவிலேயே அவளைப் பிடித்து, காலிக் கூடையோடு கொட்டகைக்கு இழுத்துப்போனேன். கூடையை உள்ளே விடமாட்டேன் என்று டிக்கெட் கிழிப்பவர் தடுத்தார். படத்தில் வருகிற கூடையே இதுதான் என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். அவர் அண்ணியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தானே கூடையை வாங்கிக் கதவோரம் பத்திரமாக வைத்தார்.

உள்ளே எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். மஞ்சள் சுவர் வந்தது. அண்ணியின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தேன். கண்ணை மூடினால் கிள்ளுவேன் என்றேன். மூடுவதற்கு முன்பே கிள்ளியும் விட்டேன். வலியில் அவள் கண்ணை அகலத் திறந்தாள். அதே நேரம் திரையில் கூடை திரும்பியது. நிமிர்ந்த முகம், அசைகிற வாய். சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் வாசித்திருந்தார்கள். சத்தம் என் பக்கத்திலிருந்து வந்தது, தெருவில் கூவுகிற அதே குரலில்.

"இருக்குது மதாம், எறக்கட்டுமா?"

பின்னாலிருந்து ஒரு பெரியவர், எறக்கும்மா என்றார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். அண்ணி சிரிக்கவில்லை. கதாநாயகி வந்து பாட்டும் தொடங்கிவிட்டது. அவள் இன்னும் அந்த மஞ்சள் சுவர் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கிள்ளிய இடத்தைத் தேய்த்தபடி என் பக்கம் சாய்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றாள்.