சாய்ந்த ஏழு

மண்ணெண்ணெயில் நனைத்த துணியின் வாசம் வந்தால் எனக்கு ரஹ்மத் வீட்டுப் பின்வாசல்தான் நினைவுக்கு வரும்.

அறுபதுகளின் தொடக்கம். அப்பா தென்காசி ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க். ரஹ்மத் என் வகுப்புத் தோழி. கொழும்பில் ஒரு கடையில் வேலைபார்த்த அவள் வாப்பா, அங்கே விற்காமல் கிடந்த ஐந்து பொம்மை கூட்ஸ் பெட்டிகளை அனுப்பியிருந்தார். தகரம், உள்ளங்கை நீளம்.

ஐந்திலும் ஒரே எண்!

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு வண்டிக்கு ஒரே நம்பர் இருக்கவே கூடாதுட்டி. சரக்கு எதுல போச்சுன்னு எங்கப்பா எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

"ஆமா, எங்க உம்மா இதுல புளி மூடை ஏத்தி அனுப்புதால்லா!" என்று சிரித்தாள்.

ஆனாலும் வாப்பாவுக்கு எழுதினாள். மூன்று மாதம் கழித்து, எண்கள் அச்சிட்ட ஒரு தாள் தபாலில் வந்தது. வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் எண் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும்... விரலால் மெல்ல நகர்த்தி ஒட்ட வேண்டும். பழைய எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தெடுத்தோம். ஸ்டேஷனில் நிற்கும் நிஜப் பெட்டிகளில் எங்களுக்குப் பிடித்த எண்களைக் குறித்துவந்து ஒட்டினோம். நான்கு முடிந்தன.

அப்போதுதான் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது.

எங்கள் வீட்டுச் சாமான்களை ஏற்றிய கூட்ஸ் பெட்டியின் எண் 4217. "அஞ்சாவது வண்டிக்கு அந்த நம்பர்தான். அது ஒனக்கு" என்றாள் ரஹ்மத். மறுநாள் காலை எங்களுக்கு ரயில். குற்றாலத்துச் சாரல் ஊரையே நனைத்துக்கொண்டிருந்தது. ஒட்டிய எண் காயவே இல்லை. விசிறினோம், மாறி மாறி ஊதினோம்...

காலையில், காய்ந்துவிட்டது என்று அவசரப்பட்டுத் தொட்டது நான்தான். கடைசி ஏழு விரலோடு நகர்ந்து சாய்ந்துவிட்டது. தாளில் வேறு ஏழு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, அழாத. சாஞ்சே கெடக்கட்டும். எங்கன பாத்தாலும் நம்ம வண்டின்னு தெரிஞ்சிரும்லா."

நான்கு அவளிடம். ஒன்று என்னிடம்.

சில கடிதங்கள் எழுதிக்கொண்டோம். பிறகு அவளுக்கு நிக்காஹ், எங்களுக்கு இன்னும் மூன்று ஊர்கள்... முகவரிகள் தொலைந்துபோயின.

அன்று ஒரு தாளுக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். இன்று அந்த வண்டியை நான் எடுத்த படம் அடுத்த நொடியில் இந்தக் குழுவில் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து நண்பர்கள் பகிர்ந்தால் நல்லது. என் பெயரெல்லாம் போட வேண்டாம்.

ஏழு சாய்ந்திருப்பது தெரிகிற மாதிரிதான் எடுத்திருக்கிறேன்.