பாடவே ஆரம்பிக்காத கேசட்

புது நைட்டித் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறினால் போதும்... எனக்கு ஒரு வயலின் கேட்க ஆரம்பித்துவிடும். சிரிக்காதீங்க மக்கா, காரணம் இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் சங்கரன்கோவிலில் ஒரு நைட்டி கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி அண்ணாச்சியின் மச்சினர் சவுதியிலிருந்து வரும்போது, அங்கே ஒரு வெள்ளைக்காரர் கொடுத்த கேசட்டைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி அதைக் கம்பெனி டேப் ரெக்கார்டரில் போட்டார்.

ஒரு வயலின் மெல்ல ஆரம்பித்தது. பின்னாலேயே தொண்டை கட்டின மாதிரி இன்னொன்று. நடுவில் பியானோ. மிஷினை மிதித்துக்கொண்டே காத்திருந்தோம்... பாட்டு வரும் என்று.

"ஏட்டி, பாட்டு எப்பம் வரும்?" என்றாள் பக்கத்து மிஷின் மாரியம்மா.

"பொறுட்டி, இப்பம்தான் பல்லு விளக்குதான். குளிச்சிட்டு வந்து பாடுவான்" என்றேன்.

டக்.

ஒரு பக்கமே முடிந்துபோனது. ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை!

"பாடுறவன் சம்பளத் தகராறுல ஓடிட்டாம் போல" என்று அண்ணாச்சி சிரித்தார். "இதுல சினிமாப் பாட்டு பதிஞ்சிருவோம்."

மிஷின் மிதிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த ரெண்டு வயலினும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்ததே... என்னவென்று தெரிய வேண்டாமா?

"அழிச்சிராதீய அண்ணாச்சி. வேற கேசட் நான் தாரேன்."

எனக்கென்று வீட்டில் இருந்த ஒரே சினிமாப் பாட்டுக் கேசட்டைக் கொடுத்து அதை மீட்டேன். மாரியம்மா என்னைப் பைத்தியம் என்றாள். அப்புறம் அவளே, "அந்தச் சண்டைக்காரியளப் போடுட்டி" என்று கேட்க ஆரம்பித்தாள். டேப் சிக்கி அறுகிற வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அதுதான். கேசட் டப்பா அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதம் என் மகள் அந்த அட்டையைப் போனில் படம் பிடித்துத் தேடினாள். அந்த இசையை எழுதினவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. ரொம்பப் பழைய ஆளாம்... அவர் நாட்டிலேயே நிறையப் பேருக்குத் தெரியாதாம். ஆனாலும் நாலைந்து குழுக்கள் வாசித்துப் பதிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கேட்டேன். அதே சண்டைதான்... ஆனால் நம்ம கேசட் இல்லை.

அதில் ஒன்றை மாரியம்மாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"இது இல்லட்டி. இவனுவ சிவகிரி பஸ்ஸப் பிடிக்கல்லா ஓடுதானுவ!"

மகள் யோசித்தாள். "அந்த டேப் ரெக்கார்டர்ல பெல்ட் தேஞ்சிருக்கும்மா. மெதுவா ஓடியிருக்கும்." தன் போனில் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டாள்.

அதேதான்!

"நிறுத்திராதட்டி, முழுசும் ஓடட்டும்" என்றாள் போனில் மாரியம்மா. கடைசிவரை லைனிலேயே இருந்து கேட்டாள்.

அப்போது ஒரே கேசட். இப்போது எத்தனையோ பேர் வாசித்தது கையிலேயே கிடக்கிறது, எல்லாம் சரியான வேகத்தில். எனக்கென்னவோ அந்தத் தேய்ந்த வேகம்தான் பிடிக்கிறது.

எழுதின மனிதர் இருந்தால் சண்டைக்கு வருவார். வரட்டும்... நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறோம்.