பெரட்டுக் களத்தில் நான்கு கோடு சிக்னல்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் எரிந்து விழுகிற ஆள்தான் நானும். 2008 நவம்பரில் மடுல்சீமைப் பக்கம் போய் வரும்வரை.

மண்சரிவு அபாயத்தை அளந்து சொல்வது என் வேலை. அலுவலகம் பதுளையில். ஆறு நாள் அடைமழைக்குப் பிறகு, ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டு லயத்துக்கு மேலே மலை வெடித்திருக்கிறது என்று தகவல் வந்தது. போனேன். காலையில் நான்கு விரல் நுழைந்த வெடிப்பில் பிற்பகல் என் கை முழுவதும் நுழைந்தது. இருட்டுவதற்குள் லயத்து ஆட்களைக் கிளப்பியாக வேண்டும். ஆனால் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை அசையவில்லை. பதுளையிலிருந்து உத்தரவு வராமல் ஆட்கள் தங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தோட்டத்துத் தொலைபேசிக் கம்பி அறுந்து இரண்டு நாள். கைபேசியில் பேசினால் இரண்டு சொல்லில் அறுந்தது. அளவும் படமும் பார்க்காமல் எங்கள் அலுவலகத்தில் யாரும் கையெழுத்துப் போடவும் மாட்டார்கள். மடிக்கணினியைக் கைபேசியோடு புளூடூத்தில் இணைத்து மின்னஞ்சல் அனுப்புவது ஒன்றுதான் வழி.

"சிக்னல் பெரட்டுக் களத்துலதாங்க சார் கெடைக்கும்" என்றார் கங்காணி அழகையா. காலையில் ஆட்களை நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற வெளி அது. லயத்துக்கு மேலே, மலை விளிம்பில் இருந்தது.

"ஆனா பொழுது சாஞ்சா அங்க நின்னு ஆளக் கூப்பிடக்கூடாதுங்க."

"கூப்பிட்டால்?"

"காலையில கூப்பிடுறதோட சரிங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பன்னிரண்டு குடும்பம் சாகக் கிடக்கிற நேரத்தில் இந்தக் கதையா!

"பேசாமல் வாங்கோ" என்றேன்.

மாலை 5.35. களத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மடிக்கணினியை ஒரு கல்லில் வைத்து, என் குடையை அதற்குப் பிடித்தேன். பத்தடி தள்ளியிருந்த பாறையில் அழகையா ஏறி, பொலித்தீன் பையில் சுற்றிய கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். திரையில் ஒரு கோடு சிக்னல். அறிக்கை நகரத் தொடங்கியது. பாதியில் அறுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அறுந்தது. அதற்குள் பனி பாறையை மூடிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ!"

இரண்டு கோடு.

"இன்னும்!"

மூன்று. நான்கு. அந்த மலையில் நான்கு கோடா? சந்தோஷத்தில் மனுஷனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"போதும், காணும்! அப்படியே பிடியுங்கோ!"

5.52. அறிக்கை போய்விட்டது.

அப்போது பின்னால் சரக் சரக் என்று காலடி. திரும்பினேன்.

அழகையா. கையில் ஒரு படங்குச் சாக்கு.

"கம்பியூட்டரு நனையுதேன்னு எடுத்தாரப் போனேங்க. செல்போன அந்தப் பாறை மேலயே வச்சிட்டேன். வச்சாலே ஒரு கோடு வரும்."

திரையைப் பார்த்தேன். இன்னும் நான்கு கோடு.

 பயத்தில் வந்த கோபம்தான், பாறையைப் பார்த்துக் கத்தினேன்.

"ஆரது? ஆர் அங்க நிக்கிறது?"

அழகையா என் வாயைப் பொத்தினார். பிந்திவிட்டது.

"இருக்கேன்..."

பனிக்குள்ளிருந்து. ஆண் குரல்.

"இருக்கேன்..."

இது பெண் குரல். இடப்பக்கம்.

"இருக்கேன்..."

பின்னால்.

"இருக்கேன்... இருக்கேன்..."

ஒவ்வொன்றாக. காலைப் பெரட்டில் பதில் சொல்வது போலவே.

கடைசிக் குரல் ஒரு குழந்தை. என் முழங்கால் உயரத்தில்.

ஓடினோம்.

பாறையில் விட்டுவந்த கைபேசி போனது போனதுதான். பதில் வந்ததா என்று பார்க்க இனி வழியில்லை. 7.30 வரை காத்திருந்தேன். பதுளையிலிருந்து ஒரு வாகனமும் வரவில்லை. துரையின் பங்களாவுக்குப் போய், உத்தரவு வந்துவிட்டது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். ஒன்பது மணிக்குள் லயமே பள்ளிக்கூடத்துக்கு மாறியது. விடிகாலை 2.40க்கு ஒரு இரைச்சல். லயம் இருந்த இடத்தில் சேறு மட்டுமே இருந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மறுநாள் பதுளையில் என் மேலதிகாரி கனகசபை ஒரு தாளை என் முன்னால் எறிந்தார்.

"உமக்கென்ன விசரா? ஆபத்தில்லை எண்டு எழுதிப்போட்டு, ஆக்களைக் கிளப்பியிருக்கிறீர்!"

என் மின்னஞ்சல்தான். வந்த நேரம் 5.52. நான் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைக் காணவில்லை. தமிழில் ஒரே வரி.

'ஆபத்து இல்லை. எல்லாரும் லயத்திலேயே இருக்கட்டும்.'

என் மடிக்கணினியில் தமிழ் எழுத்தே கிடையாது.

அந்த வரிக்குக் கீழே, கையெழுத்துப் போடுகிற இடத்தில், பதினாறு பெயர்கள். ஒன்றுகூட எனக்குத் தெரிந்த பெயர் இல்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், தாளை அழகையாவிடம் நீட்டினேன். விரலை வைத்து மெல்ல வாசித்துக்கொண்டு வந்தார். நான்காவது பெயரில் விரல் நின்றது.

"இது எங்க அப்பாருங்க."

தாளை மடித்து என்னிடமே தந்தார். பிறகு சொன்னார்.

"நான் சின்னப் புள்ளையா இருக்கயில, மேல இருந்த லயம் சரிஞ்சிச்சுங்க. பதினாறு பேரு. ஒருத்தரையும் தோண்டி எடுக்கலீங்க. மண்ணத் தட்டிச் சமமாக்கி விட்டுட்டாங்க."

"எந்த இடத்தில்?"

"அதுதாங்க பெரட்டுக் களம்."