பால் மறக்கடிக்க ஒரு பயணம்

காலை ஏழே காலுக்குக் கொட்டிவாக்கத்திலிருந்து புறப்பட்டோம். பயணிகள் இருவர்: நானும் என் மகள் இனியாவும். அவளுக்கு இரண்டே கால் வயது. வழியனுப்ப வாசலுக்கு யாரும் வரவில்லை. வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. என் மனைவி பவித்ரா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் அம்மா குளிக்கிறாள் என்று குழந்தை சமாதானமாக இருப்பாள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நாங்கள் படியிறங்கிவிட வேண்டும்.

இது மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் சுற்றிப் பார்க்கும் பயணம் என்று எழுதினால் பொய். பவித்ராவுக்குச் சில மாதங்களாக மூட்டுவலி. குழந்தையைத் தூக்கினால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆனால் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் தொடங்க வேண்டும் என்றுவிட்டார். நிறுத்துவது யார்? பவித்ரா வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிப் பார்த்தாள். இனியா முகத்தைச் சுளித்தாள், தன் கவுன் நுனியால் பொறுப்பாகத் துடைத்தாள், குடித்தாள். எதிர் வீட்டு மாமிதான் வழி சொன்னார். மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவர். “ஒரு நாள் முழுக்க அம்மாவைக் கண்ல காட்டாம வெளியில தூக்கிண்டு போங்கோ. மத்தியானத் தூக்கம் பாலில்லாம தூங்கிட்டாள்னா பாதிக் கிணறு தாண்டியாச்சு,” என்றார்.

அந்த மத்தியானத் தூக்கத்தைத் தேடித்தான் நாங்கள் கிளம்பினோம். அவள் பிறந்ததிலிருந்து பால் குடிக்காமல் தூங்கியதே இல்லை. நான் ஒருமுறை கூட அவளைத் தூங்க வைத்ததில்லை.

திருவான்மியூர் ரயில் நிலையம் வரை ஆட்டோ. எண்பது ரூபாய். அங்கிருந்து மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய். பெட்டியில் கூட்டமில்லை. இனியா சன்னல் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டாள். வீட்டு மாடிகளில் காயும் போர்வைகள், தண்ணீர்த் தொட்டிகள், பல் தேய்த்துக்கொண்டே ரயிலைப் பார்க்கும் ஆட்கள் என்று ஊரின் முதுகுப்புறம் முழுவதும் கண்ணெதிரே போனது. கோட்டூர்புரம் தாண்டி ஆற்றுக்கு மேலே வந்தபோது வெளிச்சம் பெட்டிக்குள் புகுந்து எல்லார் முகத்திலும் ஏறியது. “தண்ணி,” என்றாள். ஆமாம் என்றேன். “யாரு குளிக்கா?” என்றாள். குளியலறைக் குழாய் இன்னும் அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது போலும்.

எட்டரைக்குள் மாட வீதிக்கு வந்துவிட்டோம். ஒரு சின்ன மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டோம். அரை இட்லி அவள் வயிற்றுக்கும் ஒன்றரை இட்லி என் சட்டைக்கும் போனது. தெப்பக்குளத்தின் படிகளில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பூக்காரப் பெண்கள் தண்ணீர் தெளித்த கதம்பத்தை வாழையிலையில் பரப்பியிருந்தார்கள். குழந்தையோடு நடக்கும்போது தெருவின் நீளமே மாறிவிடுகிறது. ஒரு பூசணிக்காய்க் குவியலுக்கும் அடுத்த கடை வாசலில் படுத்திருந்த நாய்க்கும் நடுவே கால் மணி நேரம் போனது. எனக்கும் அவசரம் இல்லை. அலுவலகம் போகும் நாட்களில் நான் கிளம்பும்போதும் அவள் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். விழித்திருக்கும் என் மகளை இவ்வளவு நேரம் பார்ப்பதே எனக்குப் புதிதாக இருந்தது. புருவத்தைத் தூக்காமல் அவளால் எந்தப் பொருளையும் பார்க்க முடியாது என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

கோயிலில் கூட்டம் குறைவு. பிரகாரத்துக் கல் இன்னும் சூடேறவில்லை. அவள் வெறுங்காலோடு தொப்புத் தொப்பென்று ஓடினாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பேசாமல் அப்படியே வெளியே வந்திருக்கலாம். குழந்தைக்கு மாடு காட்டுவோம் என்று கோசாலைப் பக்கம் கூட்டிப்போனேன் பாருங்கள், அதுதான் என் புத்தி. அந்த நேரம் பார்த்துக் கன்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அது தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. வாயோரம் நுரை வழிந்தது.

இனியா புருவத்தைத் தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என்னிடம், மிகவும் மரியாதையாக, “இனியாக்குப் பாலு?” என்றாள்.

பால் மறக்கடிக்கக் கிளம்பியவன் நேரே பால் குடிக்கும் இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போனேன். வாசலில் மரச்சொப்பு வாங்கிக் கொடுத்து அப்போதைக்குத் தப்பித்தேன்.

பத்தரை மணிக்கு ஆட்டோ பிடித்தோம். பனகல் பார்க்குக்கு நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னா சார், பாப்பாவ மட்டும் இட்டுக்கினு வந்துட்ட. வூட்ல சண்டையா?”

“அதெல்லாம் இல்லண்ணே. பால் மறக்கடிக்கணும். அதான் வெளியில சுத்துறோம்.”

“அட, அதானா மேட்டரு!” என்று வண்டியின் வேகத்தைக் குறைத்தே விட்டார். “முழிச்சிக்கினு கீற வரைக்கும் ஒண்ணும் தெரியாது சார். வெளாட்டு காட்டிக்கினே இருக்கலாம். தூக்கம் சொக்கும் பாரு, அப்பத்தான் கீது உனுக்கு. எங்கூட்ல மூணு பசங்க. மூணுக்கும் நான் தெருவுல நின்னவன்.”

“எப்படித் தூங்க வெச்சீங்க?”

“ஆட்டோல போட்டு ஓட்டிக்கினே இருந்தேன். பீச்சுக்கும் அடையாறுக்கும் சும்மா சுத்துனேன். உனக்கு வண்டி இல்லியே,” என்று எனக்காக வருத்தப்பட்டார்.

பனகல் பூங்காவில் மரங்களின் கீழே பெஞ்சுதோறும் யாராவது தூங்கிக்கொண்டிருந்தார்கள். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பையைத் தலைக்கு வைத்து, டையைத் தளர்த்திக்கொண்டு தூங்கினார். ஊரில் எல்லாருக்கும் தூக்கம் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று பொறாமையாக இருந்தது. இனியா சருகு பொறுக்கினாள். ஒவ்வொரு சருகையும் எனக்குக் கொடுத்தாள். என் சட்டைப் பை நிறைந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கத் தொடங்கினாள். வெயில் ஏறிவிட்டது. குளிரூட்டிய இடமாக இருந்தால் கண் சொருகும் என்று கணக்குப் போட்டு, பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போனேன். சேலைப் பிரிவில் வெள்ளை மெத்தை விரித்து, எதிரே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தோளில் சாய்த்துத் தட்டினேன். ஏறக்குறையத் தூங்கியே விட்டாள். அப்போது இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெண் உட்கார்ந்து, மாமியார் பட்டுச்சேலை பார்த்து முடிப்பதற்குள் தன் கைக்குழந்தைக்குத் துப்பட்டா மறைவில் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

துப்பட்டா மறைத்தது என்னைப் போன்றவர்களிடமிருந்துதான். சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்க என் மகளுக்குத் தெரிந்திருந்தது. “அம்மா” என்று ஆரம்பித்த அழுகை மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். உடம்பை வில்லாக வளைத்தாள். என் சட்டைக்குள் கையை விட்டுத் தேடினாள். அங்கே என்ன இருக்கிறது? ரோமத்தைப் பிடித்து இழுத்துவிட்டு, ஏமாற்றத்தோடு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கூப்பிடு பவித்ராவை, மாத்திரையாவது ஒன்றாவது என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

மெத்தைமேல் நின்றிருந்த விற்பனையாளர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குனிந்து பார்த்தார். “என்ன சார், பிள்ள இந்தக் கத்து கத்துது?”

“தூக்கம். அம்மா கூட வரல.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அடுக்கிலிருந்து வெளிர்நீலச் சேலை ஒன்றை எடுத்து, ஒரு நுனியைப் பிடித்து விசிறினார். சேலை காற்றில் எழும்பி, ஒரு கணம் நின்று, மெதுவாக இறங்கி எங்கள் இருவர் மேலும் விழுந்தது. அழுகை பாதியில் நின்றது. உள்ளே எல்லாம் நீலமாக இருந்தது. விளக்குகள் தண்ணீருக்கு மறுபக்கம் எரிவது போலத் தெரிந்தன. கண்ணீரோடு என் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

“நான் வாங்க வரலண்ணே,” என்றேன் உள்ளேயிருந்து.

“வாங்க வேண்டாம் சார். சும்மாதான் விரிக்கேன். பெறகு மடிக்கத்தானே போறோம்,” என்று அடுத்ததை எடுத்தார். மஞ்சள், பிறகு இலைப்பச்சை. இனியா விக்கிக்கொண்டே சிரித்தாள். போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

கீழே இறங்கி, வீட்டிலிருந்து எடுத்துவந்த தயிர்சாதம் நான்கு வாய் ஊட்டினேன். ஒன்றே முக்காலுக்குத் தி.நகர் பேருந்து நிலையத்தில் பெசன்ட் நகர் வண்டியில் ஏறினோம். ஆட்டோக்காரர் எனக்கு வண்டி இல்லை என்று வருத்தப்பட்டாரே, அரசாங்க வண்டி இருக்கிறது என்று தோன்றியது. பெண்களுக்குக் கட்டணமில்லாத, இளஞ்சிவப்பு முகப்பு வைத்த பேருந்து.

“பாப்பாவுக்கு ஃப்ரீ. நீ மட்டும் காச எடு,” என்றார் நடத்துநர்.

நந்தனம் வரை சிணுங்கினாள். எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கடைசியில் வெளியே தெரிந்த கடைப் பெயர்களையே ராகம் போட்டு வாசித்தேன். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மறுபடி என் சட்டைக்குள் கை நுழைந்தது. தேடியது. பிறகு கழுத்து வழியாக மேலே ஏறி, என் காது மடலை வந்து பிடித்தது. இரண்டு விரல்களால் அதை உருட்டிப் பார்த்தாள். போதும் என்று முடிவு செய்தவள் போலத் தலையைச் சாய்த்தாள். பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது அவள் மூச்சு நீண்டது. விரல்கள் மட்டும் காதை விடவில்லை.

எனக்கு அழுகை வந்தது. வந்தது என்றே எழுதுகிறேன்.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. பவித்ராதான். ஒரு கையால் எடுத்து, “தூங்கிட்டா,” என்று கிசுகிசுத்தேன். “எப்படிங்க?” என்றாள். “என் மேலதான்,” என்றேன். “சரி,” என்று வைத்துவிட்டாள்.

பெசன்ட் நகர் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். நடத்துநர் என் அருகில் வந்து குழந்தையைப் பார்த்தார்.

“இப்பத்தான் தூங்குனாளா?”

தலையாட்டினேன்.

“அப்ப எறங்காத. டீ குட்ச்சிட்டு திரும்பவும் தி.நகர்தான் போவுது. குந்திக்கினு இரு. டிக்கெட்டு மட்டும் வாங்கிக்க, செக்கிங் ஏறுனா என்னியப் புடிப்பான்.”

அப்படித்தான் போகவேண்டிய இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்கே மறுபடி போனேன். ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அடையாறு டிப்போ, மரநிழல், பாலம், தூங்கும் ஆறு. எல்லாம் ஒருமுறை எதிர்த்திசையில் ஓடின. தி.நகரில் கால் மணி நேரம் நின்று, வண்டி மீண்டும் கடலை நோக்கித் திரும்பியது. என் இடது கை மரத்துப்போய் அது என்னுடையதுதானா என்ற சந்தேகம் வந்தது. அவள் வியர்வையில் என் சட்டை நனைந்து ஒட்டியது. இந்த ஊரில் பத்து வருடமாக எங்காவது சேர்வதற்கென்றே வண்டி ஏறியிருக்கிறேன். எங்கும் சேர வேண்டாம் என்று ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தது அன்று ஒருநாள்தான்.

நாலரை மணிக்கு, இரண்டாம் முறை பெசன்ட் நகர் வந்தபோது, கண்ணைத் திறந்தாள். அழவில்லை. கடற்கரையில் மணலைப் பார்த்தாள், அலையைப் பார்த்து என் காலைக் கட்டிக்கொண்டாள். மாதா கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்தது. வெந்த சோளம் ஒன்று வாங்கி இருவரும் கடித்தோம். கூட்டம் சேரத் தொடங்கியதும், “அம்மாட்ட போலாம்,” என்றாள். திருவான்மியூர் வழியாக வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். நூற்றிருபது ரூபாய். நான் போய்ப் பார்த்த ஊர்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த நாற்பது நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஈடாகாது என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு வந்தேன், எனக்குள்ளேயே.

பவித்ரா கதவைத் திறந்தாள். பகல் முழுக்கப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகியிருந்தது. நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது. இனியா தாவிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடு, பஸ், நீலம், தண்ணி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு தோசை சாப்பிட்டாள். அம்மா பக்கத்தில் படுத்தாள். பவித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். குழந்தை இரண்டு முறை புரண்டு, ஒரு காலை அம்மா வயிற்றின்மேல் போட்டு, அப்படியே தூங்கிப்போனாள்.

ஜெயித்துவிட்டோம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பவித்ரா என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டா, பாலக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லணும்னு காலைலருந்து சொல்லிச் சொல்லிப் பாத்துட்டிருந்தேங்க,” என்றாள். “அவ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல.”