காதில் வைத்துப் பார்த்த வாட்ச்

பாண்டிசெல்விக்கு யாரையும் வாய்விட்டு ஏளனம் செய்யும் பழக்கம் கிடையாது. மனதுக்குள் செய்வாள், அதில் குறையே வைக்கமாட்டாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் தரப் பரிசோதனை அறையில் ஏழு வருடமாக வேலை பார்ப்பவளுக்கு அது இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஒவ்வொரு மெஷினிலிருந்தும் நூல் சுற்றிய பாபின் எடுத்துவந்து, நூற்றிருபது கஜம் நூலைச் சுற்றி, எடை போட்டு, கேட்ட தடிமனில் நூல் இருக்கிறதா என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். நூல் சரியில்லை என்று எழுதினால் சூப்பர்வைசர்கள் முதலில் தராசைக் குறை சொல்வார்கள். பிறகு மழைக்கால ஈரத்தைக் குறை சொல்வார்கள். கடைசியில் அவளைக் குறை சொல்வார்கள். அவள் மறுபடி சுற்றி, மறுபடி எடை போட்டு, அதே எண்ணைக் காட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விடுவாள்.

பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா இறந்துவிட்டாள். அதன்பிறகு வீட்டில் அவளும் அப்பா தவசிமுத்துவும் மட்டும்தான். தவசிமுத்து அதே மில்லில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். எந்த மெஷின் எதற்காக முனகுகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மனிதர்களிடம் அந்தச் சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார்.

அவளுடைய இருபத்தெட்டாவது வயதில் வரன் கொண்டுவந்தவர் பேச்சிமுத்து, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர். உரக் கம்பெனியில் விற்பனை அதிகாரி என்றார். அதாவது, வத்திராயிருப்பிலிருந்து மம்சாபுரம் வரை பைக்கில் போய், உரக்கடை உரக்கடையாக உட்கார்ந்து டீ குடிக்கும் உத்தியோகம். ஆள் பார்க்க நன்றாக இருந்தான். அடக்கமாகச் சிரித்தான். பெண் பார்க்க வந்தபோது அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: "நீங்க என்ன போன் வச்சிருக்கீங்க?" கூச்சத்தில் கேட்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் இரண்டாம் முறை எடை போடவில்லை.

அவர்கள் வழக்கத்தில் நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிட வேண்டும். கட்டுவது பெண்ணின் அண்ணன் தம்பி. அப்படி யாரும் இல்லாததால் அப்பாவே கட்டுவதாக முடிவாயிற்று. மாப்பிள்ளை ஸ்மார்ட் வாட்ச் கேட்கிறார் என்று பேச்சிமுத்து சொல்லியனுப்ப, பாண்டிசெல்வி தன் போனஸிலிருந்து தானே வாங்கினாள். மூன்று வாரம் படித்து, விசாரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். கையைத் தூக்கினால் திரை எரியும், இறக்கினால் அணையும். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும்படியும் அதில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வைத்தால் பத்து நாள் நிற்கிற சார்ஜ் மூன்று நாளில் தீரும். காடு மேடெல்லாம் சுற்றுகிற மனுஷனுக்குச் சார்ஜ்தான் முக்கியம் என்று அதை அணைத்து வைத்தாள். கையைத் தூக்கிப் பார்க்க முடியாத அளவுக்கு யாருக்கு என்ன வேலை இருக்கிறது?

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்திலேயே சின்ன மண்டபத்தில் நிச்சயம். தட்டுகள் கைமாறின. வாட்ச் இருந்த தட்டு மாப்பிள்ளையின் அம்மா பரிபூரணத்திடம் வந்தது. அந்தக் காலத்தில் வாட்சைத் தட்டில் வைக்குமுன் சாவி கொடுத்து, ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார்கள். நின்றுபோன வாட்சைக் கட்டினால் வாழ்க்கையும் நின்றுபோகும் என்று ஒரு பேச்சு. பரிபூரணம் அந்த முறையை விடவில்லை. ஸ்மார்ட் வாட்சை எடுத்துக் காதில் வைத்தார். இந்தக் காதில் கேட்காமல் அந்தக் காதில் வைத்தார். முகம் சுருங்கிற்று.

"ஓடலியே," என்றார், மேளக்காரர் சரியாக நிறுத்திய நேரத்தில்.

"அது சத்தம் போடாது மதினி, இந்தக் காலத்து வாட்ச்சு," என்று பேச்சிமுத்து பல்லிளித்தார்.

"சத்தம் போடாட்டிப் போவுது. முகத்தப் பாருங்க, கரியப் பூசுன மாதிரில்லா இருக்கு."

தவசிமுத்து வாட்சை வாங்கி மாப்பிள்ளை கையில் கட்டினார். இரும்பு திருகிப் பழகிய விரல்களுக்கு அந்த ரப்பர் வார் பிடிபடவில்லை. இரண்டு நிமிடம் தடவினார். போட்டோக்காரர் அந்த இரண்டு நிமிடத்தையும் எடுத்துத் தள்ளினார். எல்லாப் படத்திலும் குனிந்த அப்பா, நீட்டிய கை, கன்னங்கரேலென்று ஒரு வாட்ச்.

படங்கள் வந்த பிறகு பேச்சு வளர்ந்தது. பரிபூரணம் தன் சொந்தக்காரர்களிடம், "பொண்ணு வீட்டுல நின்னுபோன வாட்ச்சக் கட்டிவிட்டாவ," என்று சொன்னது மம்சாபுரம் போய், தளவாய்புரம் சுற்றி, ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தது. வரும் வழியில் அது பழைய வாட்ச் ஆகி, யாரோ கழற்றிப் போட்ட வாட்ச் ஆகியிருந்தது. மில் கேன்டீனில் ஒருவர், "என்ன தவசி, மருமகனுக்கு ஓட்ட வாட்ச்சக் கட்டிட்டியாமே?" என்று கேட்க, நான்கு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து தவசிமுத்து கேன்டீனுக்குப் போகாமல் மெஷின் பக்கத்திலேயே சாப்பிட்டார்.

ஐப்பசி பிறந்ததும் பேச்சிமுத்து வீட்டுக்கு வந்தார்.

"ஏலே தவசி, மாப்ள ஒண்ணும் தப்பாச் சொல்லல. தங்கமான புள்ள. எப்பவும் லைட்டு எரியுற மாதிரி புதுசு வந்திருக்காம். அத மாத்திக் குடுத்துட்டா அவிய அம்மா மனசும் ஆறிரும்னு சொல்லுதான்."

"மாத்திருவோம்ண்ணே," என்றார் தவசிமுத்து, அவர் முடிக்கும் முன்பே.

பேச்சிமுத்து போனதும் பாண்டிசெல்வி சொன்னாள்: "அப்பா, அந்த வாட்ச்லயே அது இருக்கு. செட்டிங்ஸ்ல போயி ஒரு தட்டுத் தட்டுனா எரியும். நாந்தான் அணைச்சு வச்சேன்."

"அதுக்கு?"

"போன் போட்டுச் சொல்லிருங்க."

"ஏட்டி, நாம போயிச் சொன்னா, படிச்ச மாப்ளைக்கு ஒண்ணுந் தெரியலன்னு சொல்லிக்காட்டுன மாதிரி ஆயிரும். பொண்ணு வீட்டுக்காரன் சொல்ற பேச்சா அது?"

அவள் மறுக்கவில்லை. பெண் வீட்டார் சொல்லக்கூடாது, சரி. கடைக்காரர் சொல்லலாமே. பழைய வாட்சை மாற்றித்தானே புதிது எடுக்கப் போகிறார்கள்? கையில் வாங்கிப் பார்க்கிறவர் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். மாப்பிள்ளைக்கு விஷயம் புரியும், அசடு வழிவான், போய் அம்மாவிடம் சொல்வான், அப்பா மறுபடி கேன்டீனில் சாப்பிடுவார். நாற்பது நாள் கையில் கட்டிக்கொண்டு திரிந்தும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காத ஒருவனோடு குடும்பம் நடத்த வேண்டுமே என்று அவளுக்கு இளக்காரமாகத்தான் இருந்தது. ஆனால் மடையனோடு வாழ்ந்துவிடலாம். ஊரில் பாதிப் பெண்கள் வாழ்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாட்ச் கடையில் அப்பா, மகள், மாப்பிள்ளை மூவரும் கூடினார்கள். நவநீதகிருஷ்ணன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழெட்டு வாட்சுகள், மணி பார்க்க யாரும் இல்லாமல், தம்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. அவன் முகம் மலர்ந்தது. தன்னைப் பார்க்க வந்த அன்றுகூட அந்த மலர்ச்சி இல்லை என்பதைப் பாண்டிசெல்வி கவனித்தாள்.

"இதான் மாமா. பைக் ஓட்டும்போது ஹேண்டில்ல இருந்து கையெடுக்காமலே மணி தெரியும்."

"பைக்குலயே மணி காட்டுமே மாப்ள," என்றார் தவசிமுத்து, மெய்யாகவே புரியாமல்.

"அது வேற மாமா."

கடைக்காரர் ஐயாதுரை பழைய வாட்சை வாங்கி, திருப்பிப் பார்த்து, இரண்டு தடவை திரையைத் தள்ளினார். "இது நல்ல பீஸாச்சே தம்பி. எதுக்கு மாத்துதீய?"

"ஆல்வேஸ் ஆன் வேணும் அண்ணாச்சி, எப்பவும் எரியணும்."

"இதுலயே இருக்கே! இந்தா." ஐயாதுரை ஒரு தட்டுத் தட்டினார். மேசைமேல் கிடந்த வாட்ச் எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

பாண்டிசெல்வி எதிர்பார்த்திருந்த இடம் இதுதான். அவன் அசடு வழியக் காத்திருந்தாள். அவன் வழியவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. போட்டா சார்ஜ் நிக்க மாட்டேங்குது, அதான் ஆஃப்ல வச்சிருக்கேன். புது மாடல்னா அஞ்சு நாள் நிக்குமாம்ல?"

ஐயாதுரை ஏதோ பதில் சொல்லிக்கொண்டே புது வாட்ச் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். தவசிமுத்து மேசைமேல் எரிகிற வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலருந்து தெரியும் மாப்ள?"

"நிச்சயம் முடிஞ்சு வீட்டுக்குப் போனதுமே பாத்துட்டேன் மாமா. பெட்டிக்குள்ள இருந்த புக்குலயே போட்டிருக்கே."

"அப்பொறம் உங்க அம்மா… நின்னுபோன வாட்ச்சுன்னு…"

"அம்மா அப்படித்தான், எதையாவது சொல்லிக்கிட்டே இருப்பாவ. அத விடுங்க மாமா, எப்படியும் புதுசு எடுக்கப்போறோம்ல?"

பாண்டிசெல்விக்கு அப்போதுதான் முழுசாக விளங்கிற்று. இவன் மடையன் இல்லை. மடையனாக இருந்திருந்தால் எவ்வளவோ மேல். தன் அம்மா ஊர் ஊராகப் பொய் சொல்வதை நாற்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "அது ஓடுதும்மா" என்ற இரண்டு வார்த்தைக்கு அவனுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் புது வாட்ச் வராது. ஒரு மனிதர் தலை குனிந்து கிடப்பதை, கையைத் தூக்காமல் மணி பார்க்கும் சுகத்துக்கு ஈடாக வைத்திருக்கிறான். அதுவும் ஐந்து நாள் சார்ஜ் நிற்கிற சுகம்!

தவசிமுத்துவோ, அவ்வளவுக்குப் பிறகும், சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"அண்ணாச்சி, பெட்டிய உள்ள வைங்க," என்றாள் பாண்டிசெல்வி. அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். "வாங்கப்பா."

நவநீதகிருஷ்ணன் வாசல்வரை பின்னால் வந்தான். "என்ன செல்வி, கோவமா?"

"இல்ல. உங்க அம்மா அந்தப் பேச்ச யார் யாருகிட்டச் சொன்னாவளோ, அம்புட்டுப் பேருகிட்டயும் வாட்ச் நல்லாத்தான் இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"இதுக்குப் போயா? அம்மா மனசு என்ன பாடுபடும்? நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணக்கூடாதா?"

"வெள்ளிக்கிழமை," என்றாள் அவள். அன்றைக்குப் பேசிய அளவுகூட அவள் அவனோடு அதுவரை பேசியதில்லை.

திங்கள், செவ்வாய் ஒன்றும் இல்லை. புதன்கிழமை ஒரு காலை வணக்கம், ரோஜாப்பூவோடு. வெள்ளிக்கிழமை மதியம், அவள் தராசுக்கு முன்னால் நிற்கும்போது, போட்டோ ஒன்று வந்தது. பைக் ஹேண்டிலில் அவன் கை, கையில் பழைய வாட்ச், திரை பளிச்சென்று எரிகிறது. கீழே எழுதியிருந்தான்: "போதுமா? இப்ப எரியுது. ஹேப்பியா?"

வாட்ச் எரியவில்லை என்பதுதான் அவளுடைய மனக்குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்! சிரிப்புகூட வரவில்லை. பதில் அனுப்பாமல் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அடுத்த நூலைச் சுற்றினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னாள்.

மறுநாளே பேச்சிமுத்து குதித்துக்கொண்டு வந்தார். "தைக்கு மண்டபம் சொல்லியாச்சு. ஒரு வாட்ச்சுல லைட்டு எரியலன்னா கல்யாணத்த நிறுத்துவாவளா? இவளுக்கு என்ன அம்புட்டுத் திமிரு?"

"லைட்டு எரிஞ்சுச்சு பெரியப்பா," என்றாள் அவள்.

"பாத்தியாலே தவசி, வாயப் பாத்தியா? எவன் வருவான் இனிமே இவளக் கேட்டு?"

தவசிமுத்து வழக்கம்போலத் தலையை ஆட்டுவார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். அவர் எழுந்து உள்ளே போய், பரிபூரணம் வீட்டார் கொடுத்த நிச்சயப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல் பேச்சிமுத்துவின் மடியில் வைத்தார்.

"குடுத்துருங்கண்ணே. அந்தத் தம்பிக்கு எம்மவ சரிப்பட மாட்டா. அவரு நல்லவருதான், எம்மவளுக்குத்தான் வெளிய அணஞ்சு கெடந்தாலும் உள்ள என்ன ஓடுதுன்னு தெரிஞ்சிரும்."

பேச்சிமுத்து டீ வாங்கிக் குடிக்காமல் போனார்.

வாட்ச் திரும்பி வரவில்லை. நின்றுபோன வாட்சை எதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. கார்த்திகை முடிவதற்குள் பரிபூரணம் புதுக் கதையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்கப் போய்விட்டார்: பெண் வீட்டார் யோக்கியதை தெரிந்து தாங்களேதான் வேண்டாம் என்றார்களாம். நவநீதகிருஷ்ணன் தன் சொந்தச் சம்பளத்தில், மாதத் தவணையில், எப்போதும் எரிகிற புது வாட்சை எடுத்துவிட்டதாகவும் கேள்வி. வேறொரு இடத்தில் பெண் பார்க்கிறார்களாம்.

மறுபடி கேன்டீனில் சாப்பிடத் தொடங்கியிருந்த தவசிமுத்துவுக்கு, அங்கே அதைக் கேட்டதும் பொறுக்கவில்லை. "ஏட்டி, அவுக வீட்டுக்கே போயி, நாலு பேரக் கூட்டி வச்சு, நடந்தது இதுன்னு சொல்லிட்டு வந்திரட்டா?"

பாண்டிசெல்வி வாளித் தண்ணீரில் மில் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வேண்டாம்ப்பா. சொல்லிக்கிட்டுக் கிடக்கட்டும். மெனக்கெட்டு பஸ் ஏறிப் போயிப் பதில் சொல்ற அளவுக்கு அவிய ஒண்ணும் பெரிய ஆளுக இல்ல."

சட்டையைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டாள். பிறகு அப்பாவுக்குச் சோறு எடுத்துவைக்கப் போனாள்.