சீட்டைக் கவிழ்க்காத மாமி

என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். ஒருமுறை விடுப்பில் வந்தபோது, அங்கே அறையில் ஆடிப் பழகிய போக்கர் சீட்டாட்டத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் திரும்பிப் போன பிறகும் தங்கச்சிமடத்து வீட்டில் ஆட்டம் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமியார், இரண்டு நாத்தனார்கள், நான் என்று நாலு பேரும் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவோம்.

காசு கிடையாது, புளியங்கொட்டைதான். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில் திறக்கும். இந்த ஏழில் யாருக்கு நல்ல ஐந்து சேர்கிறதோ அவளுக்கு நடுவில் குவிந்த கொட்டை; வேண்டாம் என்றால் சீட்டைக் கவிழ்த்து, போட்ட கொட்டையை விட்டுவிட்டு விலகலாம். ஒரு தடவைக்கு இரண்டு கொட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மாமியார் போட்ட சட்டம். கடைசியில் யாரிடம் கொட்டை குறைவோ, அவள் அன்று மாமனார் வள்ளத்தில் கொண்டுவரும் மீனைச் செதில் நீக்கி ஆய வேண்டும்.

நான் பரமக்குடிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவள். மீன் ஆய்ந்தால் விரலெல்லாம் முள் ஏறும். முதல் வாரம் முழுக்க நானே ஆய்ந்தேன். காரணம், எனக்கு என் முகத்தின் மேல் அபார நம்பிக்கை. கையில் ஒன்றுமில்லாதபோதும் ராஜா ராணி இருப்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து கொட்டையை ஏற்றுவேன். மூவரும் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது திட்டம். ஒருவரும் கவிழ்க்கவில்லை.

“ரெண்டு கொட்டைக்குப் பயந்து யாராச்சும் கவுப்பாகளா? என்னதேன் வருதுன்னு பாத்துருவமே” என்பார் மாமியார்.

ஒரு ராத்திரி முள் குத்திய விரலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பயப்படாதவர்களைப் பயமுறுத்தி என்ன பயன்? இனி பொய் இல்லை. நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஏற்றுவது, மற்றதைப் பேசாமல் கவிழ்ப்பது.

சலிப்பான வேலைதான். “மைனி தூங்குறாக” என்று சின்ன நாத்தனார் கேலி செய்தாள். அசையவில்லை. ஒருநாள் கையில் இரண்டு ராஜா வந்தது. நடுவில் முதலில் திறந்த மூன்றில் இன்னொரு ராஜா, கூடவே ஆறும் இரண்டும். விடாமல் ஏற்றினேன். நாத்தனார்கள்கூடக் கவிழ்த்துவிட்டார்கள், மாமியார் மட்டும் தொடர்ந்தார். அடுத்து ஐந்து திறந்தது, கடைசியாக எட்டு. அவர் சீட்டைப் போட்டார்: நாலும் ஏழும். நாலிலிருந்து எட்டுவரை வரிசை, என் மூன்று ராஜாவைவிடப் பெரிது.

“இத வச்சுக்கிட்டா இம்புட்டு நேரம் வந்தீக, மாமி?”

“வந்துச்சுல்ல!”

அன்று மீன் ஆய்ந்தபோது அழுகை வந்தது. ஆனால் அந்த எட்டு எத்தனை தடவைதான் வரும் என்று எண்ணிப் பார்த்தேன். அபூர்வமாகத்தான் வரும். மற்ற நேரமெல்லாம் அவர் கொட்டை என்னிடம்தான் வந்தாக வேண்டும். மறுநாளும் அதே மாதிரியே ஆடினேன். அதற்கு மறுநாளும்.

மெல்லத்தான் மாறியது. முதலில் நாத்தனார்கள் ஆய்ந்தார்கள். பிறகு ஒரு வாரம் தொடர்ச்சியாக மாமியார். அவர் அரிவாள்மனையின் முன் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சூடை மீனைக் கையில் எடுத்தேன். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

“எந்திரிச்சுப் போடி. தோத்தது நானு. பாவம் பாத்தா ஆட்டம் எதுக்கு?”

கோபம்தான், ஆனால் என் மேல் இல்லை என்று பட்டது.

“நீங்க ஒரு தடவையாச்சும் கவுத்துப் பாக்கலாம்ல, மாமி?”

“கவுத்தா என்ன சீட்டு வந்துருக்கும்னு தெரியாமப் போயிருமே” என்றார், செதிலை உரசிக்கொண்டே. “ஒம்பாட்டுக்கு நீ ஆடு. எம்பாட்டுக்கு நான் ஆடுறேன்.”

மறுநாள் நான் பாத்திரம் கழுவி வருவதற்குள் பாயை விரித்து, சீட்டைக் குலுக்கியபடி எனக்காகக் காத்திருந்தார். நான் முதல் சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தேன். அவர் இரண்டு கொட்டையை நடுவில் தள்ளினார்.