ஞாயிற்றுக்கிழமை மூடிவைத்த ரேடியோ

"6-2-1952, புதன். காலை மூடுபனி. ரேடியோ தெளிவு. சென்னையில் இங்கிலாந்தோடு ஐந்தாவது டெஸ்ட் தொடக்கம். இங்கிலாந்து ராஜா காலமானார் என்று செய்தி. நாளை ஆட்டம் இல்லை." என் குறிப்பேட்டின் ஒரு பக்கம் இப்படித் தொடங்குகிறது. கீழே என் சொந்த ஊரான போடியில் இருக்கும் நண்பர்கள் இதில் ராஜாவைத்தான் கவனிப்பார்கள். என்னைப் போல மலையேறிப் பிழைக்க வந்தவர்கள் "ரேடியோ தெளிவு" என்ற இரண்டு சொற்களைக் கவனிப்பார்கள். இங்கே ரேடியோவை வீட்டு முன்னறையில் துணி போர்த்தி வைக்க முடியாது. மூடுபனி உள்ளே புகுந்தால் வால்வு கெட்டுவிடும். ஆகையால் எங்கள் எஸ்டேட்டின் ஒரே ரேடியோ, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், சூட்டுக் குழாய்க்கு எட்டிய தூரத்தில், ஒரு மரப்பெட்டிமேல் இருக்கும். செய்தி கேட்கப் போனால் சட்டையில் ஏலக்காய் மணத்தோடு திரும்புவோம். வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரமாக இருந்தது. இப்போது போடிக்குப் போய் ஓட்டலில் ரேடியோ கேட்டால், மணமில்லாத அந்தக் குரலை நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது.

போடிமெட்டுக்கு அப்பால் சில மைல்தான் நான் வேலை பார்க்கும் எஸ்டேட். "இதுக்குப் பேரு பரதேசமாக்கும்" என்று ஊர் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தூரத்தை மைலில் அளப்பவர்கள் அவர்கள். மெட்டைத் தாண்டினால் பலகை எழுத்து வேறு, அரிசி வேறு, மழை பெய்யும் மாதம் வேறு. நான் வந்தபோது இது திருவிதாங்கூர்-கொச்சி. சென்ற நவம்பர் முதல் தேதியிலிருந்து கேரளம். நான் இருந்த இடத்தில்தான் இருந்தேன், ராஜ்யந்தான் மாறியது. இங்கே நான் "பாண்டி ரைட்டர்", அதாவது கணக்கெழுதும் தமிழன். லீவில் போடிக்கு இறங்கினால், பஸ்சு நிற்கும் இடத்திலேயே "மலையாளத்தான் வந்துட்டான்டா" என்கிறார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய வேற்றுமை காலத்தில் இருக்கிறது. போடியில் அன்றைய பத்திரிகை அன்றே கிடைத்துவிடும். மலையில் அது இரண்டு நாள் கழித்து, மேனேஜர் பங்களாவில் படித்து முடித்த பிறகுதான் ரைட்டர் கைக்கு வரும். உலகத்தில் நடந்த எதையும் நான் ஆறிப்போன பிறகே அறிந்தேன். நடக்கும் நேரத்திலேயே அறிய ரேடியோ ஒன்றே வழி. இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்டில் ஜெயிக்கும் கணத்தை, ஜெயிக்கும் அந்தக் கணத்திலேயே, என் காதால் கேட்டுவிட வேண்டும். அந்த நாளில் எனக்கிருந்த ஒரே பேராசை அதுதான்.

ரேடியோ என்னுடையதல்ல. ஸ்டோர்கீப்பர் மத்தாயியுடையது. கோட்டயம் பக்கத்துக்காரர். அவர் அதை வாங்கியது மனைவி சாறாம்மாவுக்காக. சாறாம்மா கேட்பது கொழும்பிலிருந்து வரும் இந்திப் பாட்டு மட்டுமே. அவருக்கு இந்தி தெரியாது, மத்தாயிக்கும் எனக்கும் தெரியாது. இதைச் சொன்னால் போடி நண்பர்கள் சீறுகிறார்கள். இந்தி வேண்டாம் என்று ஊர்வலம் போன ஊரில் பிறந்துவிட்டு இந்திப் பாட்டா என்கிறார்கள். ரயில் நிலையப் பலகையில் இந்தி வருவதை நானும் எதிர்க்கிறேன். பாட்டு பலகையல்ல. மதுரையில் பார்த்த இந்திப் படங்களைக் கொண்டு அடித்துச் சொல்கிறேன்: நம் கதாநாயகனுக்குத் துக்கம் வந்தால் முதலில் வசனம் பேசுவான், பிறகு அழுவான். இந்திப் படத்துக் கதாநாயகன் பேச்சை விட்டுவிட்டுத் தெருவில் நடக்கிறான். அவன் நடையிலேயே ஊரை விட்டு வந்தவன் என்று தெரிந்துவிடுகிறது. பம்பாய்த் தெருவில் படுத்து, யாரோ ஒருவரின் பேச்சைக் கேலி செய்து, வேலை தேடும் அந்த மனிதனைப் பார்க்க எனக்கு மொழி எதற்கு? நானும் வேற்று மொழிக்காரர்கள் நடுவில் பிழைப்பவன்தானே. பாட்டில் வாத்தியங்கள் கூட்டமாக வந்து விழும் இடத்தில், அந்த ஸ்டோரின் தகரக் கூரை அதிரும். அதற்கு ஈடாக நம் படங்களில் ஒன்றும் இல்லை. கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

கிரிக்கெட்டில் என் கருத்துகள் இன்னும் கடுமையானவை. நம்மவர்கள் தோற்காமல் இருப்பதையே வெற்றி என்று நினைத்தார்கள். வேகப்பந்தைக் கண்டால் ஒதுங்குவார்கள், சுழற்பந்துக்காரனைக் கடைசி வரை ஒளித்து வைப்பார்கள், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மாகாணம் பார்ப்பார்கள். இத்தனைக்கும் நான் ஒரு டெஸ்ட் மைதானத்தைக் கண்ணால் கண்டவனல்ல. 1932 முதல் இந்தியா ஆடிய ஒவ்வொரு டெஸ்டையும் பழைய பத்திரிகைகளிலிருந்து நாள், இடம், முடிவு என்று குறித்து வைத்திருந்தேன். சென்னை ஆட்டத்துக்கு முன்பு இருபத்து நான்கு ஆட்டங்கள். வெற்றி என்ற கட்டம் முழுக்கக் காலி.

இனி அந்த வாரம். ரேடியோ கார் பாட்டரியில் ஓடியது. சார்ஜு தீர்ந்தால் போடிக்கு இறக்க வேண்டும். கழுதைக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள், முன்பொரு முறை ஆசிட் சிந்திக் கழுதையின் விலாவில் முடி போயிருந்தது. ஜீப்பு டிரைவர் பெருமாளண்ணன் ஏலக்காய் லோடு இருக்கும் நாளில் ஏற்ற மாட்டார். "ஒரு சொட்டுப் பட்டாலும் காய் கருத்துப்போகும் ரைட்டரே. பச்சை போன காயை எவன் வாங்குவான்?" என்பார். பிப்ரவரி கடைசிப் பறிப்புக் காலம், தினமும் லோடு. புதனும் வெள்ளியும் சனியும் நாங்கள் கேட்டதில் பாட்டரி இளைத்துவிட்டது. வருணனை ஆங்கிலத்தில் வரும். நான் தமிழில் சொல்ல, மத்தாயி அதைத் தனக்குள் மலையாளமாக்கிக்கொண்டு, யார் தோற்றாலும் அனுதாபப்படுவார். சனிக்கிழமை மாலை, நம்மவர்கள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவான முன்னிலையில் இருந்தபோது, குரல் கொசுவின் ரீங்காரம்போல மெலிந்தது. அணைத்துவிட்டோம். இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கும் என்றார் மத்தாயி.

அப்போதுதான் சாறாம்மா ஸ்டோருக்கு வந்தார். ஏழாம் மாதம். பிரசவத்துக்கு மறுநாள் காலை தாய்வீட்டுக்குப் புறப்படுகிறார், அண்ணன் வந்து காத்திருக்கிறார். மலையாள நாட்டின் இந்த மூலையிலிருந்து கோட்டயம் போக, போடிக்கு இறங்கி, கம்பம் பஸ்சு பிடித்து, குமுளி வழியாக மறுபடி மலையேற வேண்டும். அவர்கள் நாட்டுக்குள்ளேயே போக என் ஊரைத் தாண்ட வேண்டும். சாறாம்மாவின் தாய்வீட்டில் ரேடியோ கிடையாது. திரும்பி வர ஐந்தாறு மாதமாகும். கொழும்புப் பாட்டு தொடங்கும் நேரம்.

"ஒரு பாட்டு மதி, அது போதும், ரைட்டர் சாரே. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு அணைச்சிடலாம்."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு முன்னால் இருபத்து நான்கு ஆட்டங்களையும் விரல் வைத்துக் காட்டினேன். நாளை ஞாயிறன்று ஆட்டம் முடியாது, திங்கள்தான் கடைசி நாள். நம் ஆட்டம் ஒருபோதும் வெற்றியாக முன்கூட்டி முடிந்ததில்லை. கான்பூரில் போன மாதம் சீக்கிரம் முடிந்ததே என்று மத்தாயி முனகினார். அது நாம் தோற்ற ஆட்டம், தோற்பதென்றால்தான் நமக்குச் சீக்கிரம் வரும் என்றேன். ஆகவே ஞாயிறு ரேடியோவைத் தொடவே வேண்டாம், இரண்டு மணி நேரத்தையும் திங்கள் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வோம். ஜெயித்தால் அப்போதுதான் ஜெயிப்பார்கள். பாட்டு ஒன்றென்று தொடங்கினால் ஒன்றோடு நிற்காது.

சாறாம்மா குறிப்பேட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இருபது வருஷம் ஜெயிக்காதவங்களுக்கு வேண்டி என் பாட்டைப் பிடிச்சு வைக்கிறீங்க. பின்னே, அவங்க ஜெயிக்கும்போ நீங்க கேட்காம போகட்டும்."

மத்தாயி தலையைக் குனிந்துகொண்டார். ரேடியோ அவருடையது, சுவிட்சு அவர் கைக்கருகில் இருந்தது. ஆனால் எழுதி வைத்தவன் சொல்வது சரியாயிருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. அவர் என்னை மீறவில்லை. அவரையும் சேர்த்துத்தான் கெடுத்தேன்.

ஞாயிறு காலை ஜீப்பு வரை சாறாம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பெருமாளண்ணனிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். "புள்ளத்தாச்சிய ஏத்துனா நான் மாட்டு வண்டிக்காரன் ரைட்டரே" என்றார் அவர். சாறாம்மா அவரிடம் சிரித்தார், என்னிடம் பேசவில்லை. ஞாயிறன்று ஜீப்பு போடியிலேயே தங்கிவிடும், திங்கள் மாலைதான் திரும்பும், ஆகவே கீழேயிருந்து சேதி கொண்டுவர யாரும் இல்லை. நானும் மத்தாயியும் ரேடியோவின்மேல் ஒரு சாக்கைப் போர்த்தினோம், கை தவறிக்கூடத் திருகிவிடக் கூடாதென்று. அன்று முழுக்க நான் மகிழ்ச்சியாக இருந்தேன். நாளை, நாளை என்று ஏலத்தட்டைகளுக்கு நடுவில் பாடாத குறையாகத் திரிந்தேன்.

திங்கள் காலை சாக்கை எடுத்தோம். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத் திருகினால் கர்நாடகக் கச்சேரி. அணைத்தோம். கால்மணி கழித்துத் திருகினோம், மறுபடி கச்சேரி. ராஜாவுக்கு இன்னும் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள், அவரை அடக்கம் செய்யவில்லையே என்று மத்தாயிக்கு நானே விளக்கம் சொன்னேன். பகல் செய்திக்கு மூன்றாம் முறை திருகினோம். மெலிந்த குரலில் ஆங்கிலச் செய்தி: நேற்று, சென்னையில், இந்தியா ஒரு இன்னிங்ஸும் எட்டு ரன்னும் வித்தியாசத்தில் வென்றது.

நேற்று. சாக்கு போர்த்தியிருந்த நேற்று.

ஆனால், நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன், அந்த வினாடியில் எனக்கு வருத்தம் வரவில்லை. ஸ்டோரிலிருந்து வெளியே பாய்ந்து சரிவில் ஓடினேன். சுழற்பந்து! நான் சொன்ன சுழற்பந்தைத்தான் போட்டிருப்பார்கள். பத்துப் பேரையும் வீழ்த்தி, இன்னிங்ஸ் வெற்றி! காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். பொட்டிபுரத்து மாரியக்கா கேட்டாள்: "என்னண்ணே இந்த ஓட்டம்? செத்த ராசா பொழைச்சுக்கிட்டாரா?" இந்தியா ஜெயித்துவிட்டது என்றேன். "யார்கூடச் சண்டை?" என்றாள். இங்கிலீஷ்காரனோடு என்றேன். "அவந்தான் போயிட்டானேண்ணே. போனவன எதுக்கு ஜெயிக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து காயைப் பார்க்கத் தொடங்கினாள். அங்கே நின்றபோதுதான் மூச்சு வாங்கியது, வருத்தமும் வந்தது. ஒரு நாள் பழையது. இந்த முறையும் ஆறிப்போன பிறகே.

அன்று மாலை மிச்சமிருந்த பாட்டரிக்கு உபயோகம் இல்லை. மத்தாயி கொழும்பைத் திருகினார். பாட்டு வந்தது. நான்கு பாட்டு முழுதாக, ஐந்தாவது பாதியில் தேய்ந்து நின்றது. கேட்க வேண்டியவர் குமுளிக்கு அப்பால் போயிருந்தார். மத்தாயி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்லா" என்றார், பரவாயில்லை என்று பொருள். திரும்பவில்லை.

ஆடி மாதம் சாறாம்மா பெண் குழந்தையோடு திரும்பினார். நான் பார்க்கப் போனேன். குழந்தையை என் மடியில் கிடத்திவிட்டு, நான் எழுந்திருக்க முடியாதபடி செய்துவிட்டு, அவர் சொன்னார்: அந்த ஞாயிற்றுக்கிழமை போடியில் கம்பம் பஸ்சுக்கு வெகு நேரம் காத்திருந்தார்கள். ஏலக்காய்க் கடை ஒன்றில் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. தெருவை அடைத்துக்கொண்டு ஆண்கள். திடீரென்று எல்லோரும் கூச்சலிட்டார்கள், வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கடைக்காரர் கற்கண்டை அள்ளி அள்ளிக் கொடுத்தார். சாறாம்மாவின் கையிலும் ஒரு பிடி.

"ஊர்ல ஏதோ உற்சவம்னு நினைச்சேன். பெருமாளண்ணன் தானே சொல்லிச்சு, இது ரைட்டர் சாரோட கிரிக்கெட் களியாணுன்னு. அந்தக் கற்கண்டை நான் குமுளி வரைக்கும் தின்னேன் சாரே. நல்ல இனிப்பு, கேட்டோ."

நான் உடனே கடை எது, பக்கத்தில் என்ன கடை, ரேடியோக்காரர் கடைசியாக என்ன சொன்னார், பஸ்சு எப்போது வந்தது என்று அடுக்கினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது மாத்ரம் தரமாட்டேன்" என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதே சிரிப்பு. ஆனால் அன்றிலிருந்து எனக்கு அந்த வீட்டில் காப்பி உண்டு, பாட்டு நேரத்தில் பெஞ்சில் இடமும் உண்டு.

அதன்பின் பாகிஸ்தானை வென்றோம், நியூசிலாந்தை வென்றோம், சில ஆட்டங்களை நேராகவே கேட்டேன். முதல் வெற்றி முதல் வெற்றிதான். அதைக் கேட்டது மலையாளம் பேசும் ஒரு பெண்ணின் காது. கேட்ட இடம் நான் பிறந்த ஊர். என் சொந்த ஊர்க்காரர்கள் குதித்த அந்த நேரத்தில், நான் அவர் நாட்டில், சாக்கு போர்த்திய பெட்டிக்குக் காவல் இருந்தேன். லீவில் இறங்கும்போதெல்லாம் கடைவீதியில் விசாரிக்கிறேன். இரண்டு ஏலக்காய்க் கடைக்காரர்கள் கற்கண்டு கொடுத்தது தாங்கள்தான் என்கிறார்கள். பெருமாளண்ணனுக்கு மதியமா மாலையா என்றே நினைவில்லை. அன்று கம்பம் பஸ்சு எத்தனை மணிக்குப் புறப்பட்டது, சாறாம்மா கேட்ட கூச்சல் கடைசி விக்கெட்டுக்கா அல்லது அதற்கு முந்தியதற்கா என்பது, இதை எழுதும் இன்று வரை உறுதிப்படவில்லை.